சிவப்பு நட்சத்திரம்

1980-ம் ஆண்டு மே மாதம் 4-ம் தேதி. ஞாயிற்றுக்கிழமை. இடம், ஸ்ப்ளிட் என்கிற கடற்கரை நகரம். இன்றைக்கு அது குரோஷியாவில் இருக்கிறது. அன்றைக்கு யுகோஸ்லாவியா.

சாயங்காலம் கால்பந்து மாட்ச். உள்ளூர் அணியான ஹைடுக் ஸ்ப்ளிட்டுடன் மோதுவதற்காகத் தலைநகர் பெல்கிரேடிலிருந்து ரெட் ஸ்டார் வந்திருந்தது. ஸ்டேடியத்தில் சுமார் ஐம்பதாயிரம் பேர். ஹைடுக் குரோஷியர்களின் செல்லப்பிள்ளை. ரெட் ஸ்டார் செர்பியர்களின் செல்லப்பிள்ளை. சத்தத்துக்குக் கேட்கவேண்டுமா?

முதல் பாதி முடிய இன்னும் சில நிமிடங்கள்தான் பாக்கி. திடீரென்று மைதானத்துக்குள் மூன்று பேர் நடந்து வந்தார்கள். ரெஃப்ரி விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தினார். ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது.

தோழர் டிட்டோ காலமானார்.

அவ்வளவுதான். ஸ்டேடியமே உறைந்துபோனது. ஹைடுக் வீரர் ஒருவர் அப்படியே புல்தரையில் விழுந்து அழுதார். ரெட் ஸ்டார் வீரர்களும் அழுதார்கள். ரெஃப்ரியும் அழுதார். ஐந்து நிமிடத்துக்கு முன்பு ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருந்த ஐம்பதாயிரம் பேரும் சேர்ந்து டிட்டோவைப் புகழும் பாட்டு ஒன்றைப் பாடினார்கள். குரோஷியன், செர்பியன் என்கிற பேதமெல்லாம் இல்லை. எல்லோர் வீட்டிலும் ஒரே நேரத்தில் அப்பா செத்துப்போன மாதிரி.

சரியாகப் பத்து வருடம், ஒன்பது நாள் கழித்து இன்னொரு மாட்ச். இந்த முறையும் குரோஷிய மண்தான். இந்த முறையும் பெல்கிரேடிலிருந்து வந்தது ரெட் ஸ்டார்தான். ஆனால் அன்றைக்கு யாரும் சேர்ந்து அழவில்லை. நாற்காலிகளைப் பிய்த்து அடித்துக்கொண்டார்கள்.

இந்தப் பத்து வருடத்தில் என்ன நடந்தது என்பதை ஒரு கால்பந்து கிளப்பின் கதையாகவே சொல்லிவிட முடியும். ஒரு நாடு எப்படிப் பிறந்தது, எப்படி உச்சிக்குப் போனது, எப்படிச் சிதறியது என்பதெல்லாம் அந்த கிளப்பின் சரித்திரத்துக்குள்ளேயே இருக்கிறது.

*

கிளப்பின் பெயர் செர்வெனா ஸ்வெஸ்டா. செர்பிய மொழியில் சிவப்பு நட்சத்திரம். உலகத்துக்கு ரெட் ஸ்டார் பெல்கிரேட்.

பிறந்த தேதி 1945, மார்ச் 4. அப்போது இரண்டாம் உலகப்போர் முடிந்திருக்கவில்லை. ஹிட்லர் உயிரோடு இருந்தார். ஆனால் பெல்கிரேட் மட்டும் முந்தைய வருடம் அக்டோபரிலேயே ஜெர்மானியர்களின் பிடியிலிருந்து விடுபட்டிருந்தது. குண்டு விழுந்த கட்டடங்கள், சாப்பாட்டுக்கு வரிசை, எங்கு பார்த்தாலும் சிவப்புக் கொடி. இந்தச் சூழலில் பாசிச எதிர்ப்பு இளைஞர் அமைப்பைச் சேர்ந்தவர்கள் ஒன்றுகூடி, நமக்கென்று ஒரு விளையாட்டுச் சங்கம் வேண்டும் என்று முடிவு செய்தார்கள்.

பெயர் வைத்த கதையை அந்த ஊரில் இப்படிச் சொல்வார்கள். கூட்டத்தில் ஆளுக்கொரு பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்களாம். ஒருவர், நட்சத்திரம் என்று வைக்கலாமே என்றாராம். நட்சத்திரம் என்றால் சிவப்பு நட்சத்திரமாகத்தானே இருக்கவேண்டும் என்றாராம் பக்கத்தில் இருந்தவர். முடிந்தது விவாதம். 1945-ல் பெல்கிரேடில் அதை எதிர்த்துப் பேச யாருக்குத் தைரியம் வரும்?

பெயர் கிடைத்துவிட்டது. மைதானம்? ஆட்டக்காரர்கள்?

அதற்கும் வழி இருந்தது. போருக்கு முன்பு பெல்கிரேடில் எஸ்.கே. யுகோஸ்லாவியா என்று ஒரு பெரிய கிளப் இருந்தது. சிவப்பு வெள்ளைச் சட்டை. ஜெர்மன் ஆக்கிரமிப்புக் காலத்திலும் அந்த கிளப் பெயரை மாற்றிக்கொண்டு விளையாடியது. புதிய கம்யூனிஸ்ட் அரசாங்கத்தின் கண்ணில் அது குற்றம். கிளப்பைக் கலைத்துவிட்டார்கள். அதன் ஸ்டேடியம், பல ஆட்டக்காரர்கள், அந்தச் சிவப்பு வெள்ளை நிறம் எல்லாமே ரெட் ஸ்டாருக்கு வந்து சேர்ந்தன. கடையை மூடி, சரக்கு, கல்லா, வாடிக்கையாளர் எல்லாவற்றையும் புது முதலாளிக்கு மாற்றிக் கொடுத்த மாதிரி.

அதே வருடம் அக்டோபரில் ராணுவத்தின் ஆதரவுடன் இன்னொரு கிளப் பிறந்தது. பெயர் பார்டிசான். கறுப்பு வெள்ளை. இரண்டு ஸ்டேடியங்களும் நடந்து போகும் தூரத்தில்தான் இருக்கின்றன. அன்று ஆரம்பித்த சண்டையை முடிவில்லாத மோதல் என்று அழைக்கிறார்கள். பெல்கிரேடில் ஒரு குழந்தை பிறந்தால் முதலில் கேட்கப்படும் கேள்வியே ஸ்வெஸ்டாவா, பார்டிசானா என்பதுதான் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள்.

*

ஆரம்பத்திலிருந்தே ரெட் ஸ்டார் நன்றாக ஆடியது. ராய்கோ மிடிச் என்றொருவர். போருக்குப் பிந்தைய அந்த முதல் தலைமுறையின் கேப்டன். பிறகு டிராகோஸ்லாவ் ஷெகுலாராச். பந்தைக் காலில் ஒட்டவைத்துக்கொண்டு எதிராளியைக் கிறுக்குப் பிடிக்கவைப்பவர். அதற்கும் பிறகு டிராகன் ஜாஜிச். இடது ஓரத்தில் ஓடினால் பிடிக்க முடியாது. இந்த கிளப் தன்னுடைய ஆகப்பெரிய ஆட்டக்காரர்களுக்கு 'நட்சத்திரத்தின் நட்சத்திரம்' என்று பட்டம் கொடுக்கும். மொத்தமே ஐந்து பேருக்குத்தான் தனித்தனியாகக் கொடுத்திருக்கிறார்கள். ஆறாவது பட்டம் ஓர் ஆளுக்கு அல்ல. ஓர் அணிக்கு. அந்த அணியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அதற்கு முன்னால் ஒரு துக்கம்.

1958, பிப்ரவரி 5. ஐரோப்பியக் கோப்பை கால் இறுதி. மான்செஸ்டர் யுனைடெட் பெல்கிரேடுக்கு வந்தது. சின்னச் சின்னப் பையன்களாகச் சேர்த்து மாட் பஸ்பி உருவாக்கிய அணி. முதல் பாதியிலேயே 3-0. இரண்டாம் பாதியில் ரெட் ஸ்டார் விடாமல் போராடி மூன்று கோல்களையும் திருப்பி அடித்தது. 3-3. ஆனால் மான்செஸ்டரில் நடந்த முதல் ஆட்டத்தில் 2-1 என்று தோற்றிருந்ததால் போட்டியிலிருந்து வெளியே. அன்று இரவு இரண்டு அணிகளும் ஒன்றாக விருந்து சாப்பிட்டுப் பிரிந்தன.

மறுநாள் மான்செஸ்டர் அணியின் விமானம் எரிபொருள் போட மியூனிக்கில் இறங்கியது. மீண்டும் கிளம்பும்போது பனி படிந்த ஓடுபாதையில் வேகம் எடுக்க முடியாமல் மோதி நொறுங்கியது. 23 பேர் இறந்துபோனார்கள். அதில் எட்டுப் பேர் ஆட்டக்காரர்கள். அவர்கள் கடைசியாக ஆடிய மாட்ச், ரெட் ஸ்டாருடன் ஆடிய மாட்ச். இரண்டு கிளப்புகளும் இன்றுவரை அதை மறக்கவில்லை.

1963-ல் பழைய ஸ்டேடியம் இருந்த இடத்திலேயே புது ஸ்டேடியம் எழுந்தது. கொள்ளளவு ஒரு லட்சத்துப் பத்தாயிரம் பேர். பிரேசிலின் மாபெரும் ஸ்டேடியத்தின் பெயரையே செல்லப்பெயராக வைத்து 'மரகானா' என்றார்கள். பிறகு பாதுகாப்புக் காரணங்களுக்காக நாற்காலி போட்டு, கூட்டத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். 2014-லிருந்து அதிகாரபூர்வப் பெயர் ராய்கோ மிடிச் ஸ்டேடியம். ஊர்க்காரர்களுக்கு இன்றைக்கும் மரகானாதான்.

உள்ளூரில் கோப்பைகள் குவிந்தன. ஐரோப்பாவில் மட்டும் அதிர்ஷ்டம் இல்லை. 1979-ல் யூஈஎஃப்ஏ கோப்பை இறுதி ஆட்டம் வரை போய் ஜெர்மனியின் பொருஸியா மோன்ஷன்கிளாட்பாக் அணியிடம் தோற்றார்கள்.

அடுத்த வருடம் டிட்டோ செத்துப்போனார்.

*

யுகோஸ்லாவியாவை அந்தக் காலத்தில் இப்படி விவரிப்பார்கள். ஆறு குடியரசுகள், ஐந்து இனங்கள், நான்கு மொழிகள், மூன்று மதங்கள், இரண்டு எழுத்துகள், ஒரே ஒரு டிட்டோ. அந்த 'ஒரே ஒரு' போனதும் மேலே உள்ள எண்கள் எல்லாம் ஒன்றையொன்று முறைக்க ஆரம்பித்தன.

வெறும் இனப்பகை என்று சொல்லி முடித்துவிடக் கூடாது. காசு ஒரு பெரிய காரணம். எண்பதுகளில் அந்த நாட்டின் வெளிநாட்டுக் கடன் சுமார் இரண்டாயிரம் கோடி டாலர். வட்டி கட்டவே மூச்சு முட்டியது. விலைவாசி தறிகெட்டு ஏறியது. பணக்கார ஸ்லோவேனியாவும் குரோஷியாவும், எங்கள் வருமானத்தை எடுத்து ஏன் தெற்கே கொடுக்கிறீர்கள் என்று கேட்டன. செர்பியாவில் ஸ்லோபோடான் மிலோசெவிச் என்கிற கட்சிக்காரர், பொருளாதாரத்தைப் பற்றிப் பேசினால் யாரும் கை தட்ட மாட்டார்கள், இனத்தைப் பற்றிப் பேசினால் தட்டுவார்கள் என்று கண்டுபிடித்தார். குரோஷியாவில் ஃப்ரான்யோ டுஜ்மானும் அதே மருந்தைத் தன் மக்களுக்குக் கொடுத்தார்.

நாடு பிளவுபட்டுக்கொண்டிருந்த அதே நேரத்தில் ரெட் ஸ்டார் நேர் எதிரான ஒரு வேலையில் இருந்தது. நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் ஆள் பிடித்துக்கொண்டிருந்தது.

1986-ல் அந்த பழைய நட்சத்திரம் ஜாஜிச்சும், விளாடிமிர் ஸ்வெட்கோவிச் என்கிற முன்னாள் கூடைப்பந்து வீரரும் கிளப் நிர்வாகத்தில் உட்கார்ந்து திட்டம் போட்டார்கள். ஐந்தாண்டுத் திட்டம்! கம்யூனிஸ்ட் நாடல்லவா? இலக்கு: ஐந்து வருடத்தில் ஐரோப்பாவின் சாம்பியன்.

வேட்டை ஆரம்பித்தது. நிஸ் நகரத்திலிருந்து டிராகன் ஸ்டோய்கோவிச். குரோஷியாவின் டினாமோ ஸாக்ரெபிலிருந்து ராபர்ட் ப்ரோசினெச்கி. (இவன் உருப்படியான ஆட்டக்காரன் ஆனால் என் கோச்சிங் டிப்ளமோவைத் தின்றுவிடுகிறேன் என்று அங்கிருந்த கோச் சொன்னதாகப் பிரசித்தமான கதை உண்டு. தின்றாரா என்று தகவல் இல்லை.) மான்டெநெக்ரோவிலிருந்து டெயான் சாவிசெவிச். மாசிடோனியாவிலிருந்து டார்கோ பான்செவ். சரயேவோ கிளப் ஒன்றிலிருந்து ரெஃபிக் ஷபனாஜோவிச். சொந்தப் பயிற்சிப் பள்ளியிலிருந்து விளாடிமிர் யூகோவிச். கடைசியாக 1990 டிசம்பரில் நோவிசாத் நகரத்திலிருந்து சினிஷா மிகாய்லோவிச்.

இவர்களோடு ஒரு வெளிநாட்டுக்காரர். மியோட்ராக் பெலோடெடிச். ருமேனியாவில் பிறந்த செர்பியர். 1986-ல் ஸ்டூவா புகாரெஸ்ட் அணி ஐரோப்பியக் கோப்பையை ஜெயித்தபோது அதில் ஆடியவர். (ருமேனிய மொழியில் ஸ்டூவா என்றாலும் நட்சத்திரம்தான்!) சௌஷெஸ்குவின் கொடுங்கோல் ஆட்சி பிடிக்காமல் 1988-ல் எல்லை தாண்டி ஓடிவந்து, ரெட் ஸ்டாரில் இடம் கிடைக்குமா என்று கேட்டார். கரும்பு தின்னக் கூலியா? சேர்த்துக்கொண்டார்கள்.

1988 நவம்பரில் ஒரு வேடிக்கை. இத்தாலியின் ஏசி மிலான் பெல்கிரேடுக்கு வந்தது. மிலானில் நடந்த முதல் ஆட்டம் 1-1. மரகானாவில் சாவிசெவிச் ஒரு கோல் அடித்துவிட்டார். மிலானில் ஓர் ஆள் வெளியேற்றப்பட்டும் விட்டார். இன்னும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தால் போதும். அப்போது இறங்கியது மூடுபனி. எதிரே நிற்பவர் யாரென்றே தெரியவில்லை. ஆட்டம் ரத்து. மறுநாள் முதலிலிருந்து ஆடச் சொன்னார்கள். மறுபடி 1-1. பெனால்டியில் மிலான் ஜெயித்தது. அந்த வருடக் கோப்பையையும் தூக்கிக்கொண்டு போனது. பெல்கிரேடில் இன்றும் வயதானவர்கள் அந்தப் பனியைத் திட்டுகிறார்கள்.

*

இப்போது அந்த இரண்டாவது மாட்ச்.

1990, மே 13. ஸாக்ரெப் நகரம். மாக்ஸிமிர் ஸ்டேடியம். டினாமோ ஸாக்ரெபும் ரெட் ஸ்டாரும். குரோஷியாவில் முதல் பலகட்சித் தேர்தல் முடிந்து டுஜ்மான் கட்சி ஜெயித்துச் சில நாட்களே ஆகியிருந்தன. ஊரே பிரிவினைப் பேச்சாகக் கிடந்தது.

பெல்கிரேடிலிருந்து சுமார் மூவாயிரம் ரசிகர்கள் வந்து இறங்கினார்கள். 'டெலியே' என்பது அவர்கள் அமைப்பின் பெயர். மாவீரர்கள் என்று அர்த்தம். அவர்களுக்குத் தலைவன் மாதிரி இருந்தவர் ஸெல்கோ ரஸ்னாடோவிச். பட்டப்பெயர் அர்கான். மேற்கு ஐரோப்பாவில் வங்கிக் கொள்ளை, சிறையிலிருந்து தப்பித்தல் என்று நீண்ட ஜாதகம் உள்ள ஆசாமி. அடங்காத ரசிகர் கூட்டத்தை அரசியலுக்கு வசதியாகக் கட்டிமேய்க்க, செர்பிய உளவுத்துறையே அவரை அங்கே கொண்டுவந்து வைத்தது என்பது பரவலான கணிப்பு.

ஆட்டம் ஆரம்பிக்கும் முன்பே அடிதடி ஆரம்பித்துவிட்டது. விளம்பரப் பலகைகளைப் பெயர்த்தார்கள். கல் பறந்தது. டினாமோ ரசிகர்கள் வேலியை உடைத்துக்கொண்டு மைதானத்துக்குள் குதித்தார்கள். போலீஸ் தடியடி. போலீஸ்காரர் ஒருவர் ஒரு டினாமோ ரசிகரை அடிப்பதைப் பார்த்த டினாமோ கேப்டன் ஸ்வோனிமிர் போபன் ஓடிவந்து பறந்து உதைத்தார். அந்தப் படம் உலகம் முழுக்கப் பத்திரிகைகளில் வந்தது. குரோஷியர்களுக்கு போபன் ஹீரோ. யுகோஸ்லாவிய சம்மேளனம் ஆறு மாதம் தடை விதித்தது. உலகக் கோப்பை வாய்ப்பு போனது. பிறகு தெரிந்த விஷயம், உதை வாங்கிய போலீஸ்காரர் செர்பியரே இல்லை. போஸ்னிய முஸ்லிம். பின்னாளில் போபனை மன்னித்துவிட்டதாக அவர் சொன்னார்.

ரெட் ஸ்டார் வீரர்களை ஹெலிகாப்டரில் ஏற்றிக் காப்பாற்ற வேண்டியிருந்தது. போர் இந்த மைதானத்தில்தான் தொடங்கியது என்று மாக்ஸிமிருக்கு வெளியே நினைவுச்சின்னமே வைத்திருக்கிறார்கள். கொஞ்சம் மிகைதான். போர்கள் மாட்சுகளால் வருவதில்லை. ஆனால் யார் யார் எந்தப் பக்கம் நிற்கப்போகிறார்கள் என்று ஊருக்குத் தெரிந்த நாள் அது.

அந்த வருடம் அக்டோபரில் அர்கான் ஒரு தொண்டர் படை ஆரம்பித்தார். 'புலிகள்' என்று அறியப்பட்ட படை. அதற்கு ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள்? பெரும்பகுதி, மரகானாவின் வடக்கு காலரியிலிருந்து.

*

1990-91 சீசன். ஸ்டோய்கோவிச்சை பிரான்ஸின் மார்ஸே அணி வாங்கிக்கொண்டு போய்விட்டது. ஆனாலும் ரெட் ஸ்டார் நிற்கவில்லை. சுவிட்சர்லாந்தின் கிராஸ்ஹாப்பர், ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ், கிழக்கு ஜெர்மனியின் டைனமோ டிரெஸ்டன் என்று வரிசையாகச் சாய்த்தார்கள்.

டிரெஸ்டனுடன் பெல்கிரேடில் ஆடியது மார்ச் 6. மூன்றே நாளில், மார்ச் 9 அன்று மிலோசெவிச்சுக்கு எதிராக பெல்கிரேடில் பெரும் போராட்டம். தெருவில் டாங்கிகள் வந்தன. அதே நகரம். அதே வாரம்.

அரை இறுதியில் பயர்ன் மியூனிக். மியூனிக்கிலேயே போய் 2-1 என்று ஜெயித்தார்கள். ஏப்ரல் 24, மரகானா. பயர்ன் 2-1 என்று முன்னிலை. மொத்தக் கணக்கில் சமம். கூடுதல் நேரத்துக்குப் போகப்போகிறது என்று எல்லோரும் நினைத்த கடைசி நிமிடம். மிகாய்லோவிச் இடதுபக்கத்திலிருந்து ஒரு பந்தை உள்ளே அடித்தார். தடுக்கக் கால் நீட்டினார் ஜெர்மன் கேப்டன் ஆகென்தாலர். காலில் பட்ட பந்து விநோதமாக வளைந்து, கோல்கீப்பர் தலைக்கு மேலே போய், சொந்த வலைக்குள்ளேயே விழுந்தது. மரகானாவின் கூச்சல் ஸாக்ரெபுக்கே கேட்டிருக்கும்.

நடுவில் ஒரு துணைக்கதை. மே 8, யுகோஸ்லாவியக் கோப்பை இறுதி ஆட்டம். ரெட் ஸ்டாரும் ஹைடுக் ஸ்ப்ளிட்டும். பதினோரு வருடத்துக்கு முன் டிட்டோவுக்காகச் சேர்ந்து அழுதார்களே, அதே இரண்டு அணிகள். ஆறு நாள் முன்பு போரோவோ ஸெலோ என்கிற கிராமத்தில் குரோஷியப் போலீசாரும் செர்பிய ஆயுதக்காரர்களும் சுட்டுக்கொண்டு பலர் இறந்திருந்தார்கள். மிகாய்லோவிச்சின் பெற்றோர் வசித்தது அதை ஒட்டிய போரோவோவில். மைதானத்தில் அவருக்கும் ஹைடுக்கின் இகோர் ஸ்டிமாச்சுக்கும் வாய்த்தகராறு முற்றியது. இருவரையுமே ரெஃப்ரி வெளியேற்றினார். பெயர் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? அதே ஸ்டிமாச்தான். 2019 முதல் 2024 வரை இந்தியக் கால்பந்து அணியின் கோச்சாக இருந்தவர்.

ஹைடுக் 1-0 என்று ஜெயித்தது. ஒன்றுபட்ட யுகோஸ்லாவியாவாக அவர்கள் ஆடிய கடைசி கோப்பை இறுதி ஆட்டம்.

*

1991, மே 29. இத்தாலியின் பாரி நகரம். ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம். எதிரே மார்ஸே. பாப்பின், கிறிஸ் வாடில், அபேதி பெலே என்று பயங்கரமான அணி. கூடவே பெஞ்சில், நேற்றுவரை ரெட் ஸ்டாரின் கண்மணியாக இருந்த ஸ்டோய்கோவிச்.

அந்த சீசன் முழுக்கத் தாக்கித் தாக்கி ஆடிய ரெட் ஸ்டார் அன்றைக்கு ஆடவே இல்லை. கோச் லுப்கோ பெட்ரோவிச் போட்ட கணக்கு அப்படி. நாம் முன்னேறினால் பின்னால் இடம் விட்டுவிடுவோம், அவர்கள் அடித்துவிடுவார்கள். அதனால் காத்திருங்கள், பெனால்டி வரை இழுங்கள் என்றார். இழுத்தார்கள். 120 நிமிடம் கோல் இல்லை. கோப்பையின் சரித்திரத்திலேயே அலுப்பான இறுதி ஆட்டங்களில் ஒன்று என்று பிறகு மிகாய்லோவிச்சே ஒப்புக்கொண்டார்.

ஸ்டோய்கோவிச்சைக் கடைசி நேரத்தில் இறக்கினார்கள், பெனால்டி அடிப்பதற்காக. அவர் மறுத்துவிட்டார். என் பழைய கிளப்புக்கு எதிராக என்னால் அடிக்க முடியாது.

மார்ஸேவின் முதல் பெனால்டியே தடுக்கப்பட்டது. ரெட் ஸ்டார் தரப்பில் ப்ரோசினெச்கி, பினிச், பெலோடெடிச், மிகாய்லோவிச் எல்லோரும் அடித்துவிட்டார்கள். ஐந்தாவது, மாசிடோனியாக்காரர் பான்செவ். ஓடிவந்தார். அடித்தார். 5-3.

ஐரோப்பாவின் சாம்பியன், ரெட் ஸ்டார் பெல்கிரேட். போட்ட ஐந்தாண்டுத் திட்டம் சொன்ன தேதியில் நிறைவேறியது. உலகத்திலேயே உருப்படியாக நிறைவேறிய கம்யூனிஸ்ட் ஐந்தாண்டுத் திட்டம் அதுவாகத்தான் இருக்கவேண்டும்.

சரியாக 27 நாள். ஜூன் 25. ஸ்லோவேனியாவும் குரோஷியாவும் சுதந்தரத்தை அறிவித்தன. போர் தொடங்கிவிட்டது.

*

அந்த இலையுதிர் காலத்தில் வுகோவார் என்கிற குரோஷிய நகரத்தை யுகோஸ்லாவிய ராணுவமும் செர்பியப் படைகளும் 87 நாள் முற்றுகையிட்டுத் தரைமட்டமாக்கின. நவம்பர் 18-ல் நகரம் வீழ்ந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து இழுத்துச் செல்லப்பட்ட இருநூறுக்கும் மேற்பட்டவர்களை ஊருக்கு வெளியே கொன்று புதைத்தார்கள். அர்கானின் ஆட்களும் அந்த வட்டாரத்தில் இருந்தார்கள்.

வுகோவார், மிகாய்லோவிச் பிறந்த ஊர். அப்பா செர்பியர், அம்மா குரோஷியர். அவர் பின்னாளில் பேட்டிகளில் சொன்ன கதை இது. சின்ன வயதிலிருந்து கூட வளர்ந்த குரோஷிய நண்பனே வந்து பெற்றோரைக் கிளம்பிவிடச் சொன்னான். பிறகு வீட்டை நாசம் செய்ததும் அவன்தான். இன்னொரு பக்கம் அம்மாவின் தம்பி, குரோஷியர். அவரைப் பிடித்தவர்கள் அர்கான் ஆட்கள். பையில் மிகாய்லோவிச்சின் போன் நம்பர் இருந்தது. அர்கான் போன் செய்து கேட்டார், இவர் யார்? என் மாமா. உயிர் பிழைத்தது.

2000-ம் ஆண்டு ஜனவரியில் பெல்கிரேட் ஹோட்டல் ஒன்றில் அர்கான் சுட்டுக்கொல்லப்பட்டபோது மிகாய்லோவிச் இரங்கல் விளம்பரம் கொடுத்தார். ஐரோப்பா முழுக்கத் திட்டியது. திட்டியது நியாயம்தான். போர்க்குற்றங்களுக்காக சர்வதேச நீதிமன்றம் குற்றம்சாட்டிய ஆள் அல்லவா? ஆனால் மாமாவின் உயிர் அந்த போனில் தொங்கிக்கொண்டிருந்த நிமிடத்தில் திட்டியவர்கள் யாரும் பக்கத்தில் இல்லை.

டிசம்பர் 8, டோக்கியோ. வுகோவார் வீழ்ந்து இருபதே நாள். தென் அமெரிக்க சாம்பியனான சிலி நாட்டின் கோலோ கோலோவுடன் உலக கிளப் பட்டத்துக்கான ஆட்டம். பாரியில் இறங்கிய பதினொருவரில் ஆறே பேர்தான் மிச்சம். சாவிசெவிச் முதல் பாதியிலேயே சிவப்பு அட்டை வாங்கிவிட்டார். பத்துப் பேராக ஆடி 3-0 என்று ஜெயித்தார்கள். யூகோவிச் இரண்டு, பான்செவ் ஒன்று. உலக சாம்பியன்!

ஆனால் சொந்த ஸ்டேடியத்தில் ஐரோப்பிய மாட்ச் ஆட அனுமதி இல்லை. போர் நடக்கும் நாட்டுக்கு யார் வருவார்கள்? ஹங்கேரியிலும் பல்கேரியாவிலும் வாடகை மைதானம் பிடித்து 'உள்ளூர்' ஆட்டங்களை ஆடினார்கள். சோஃபியாவில் சாம்ப்டோரியாவிடம் தோற்றுக் கோப்பையைப் பறிகொடுத்தார்கள்.

1992 மார்ச். மரகானாவில் பார்டிசானுடன் மாட்ச். காலரியில் அர்கானின் சீருடைக்காரர்கள் தோன்றினார்கள். கையில் போர்முனையிலிருந்து பிடுங்கிவந்த சாலைப் பலகைகள். வுகோவார் 20 மைல். வுகோவார் 10 மைல். வுகோவாருக்கு நல்வரவு. ஸ்டேடியம் ஆரவாரம் செய்தது. ஜென்ம விரோதிகளான பார்டிசான் ரசிகர்களும் சேர்ந்து கை தட்டினார்கள். இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு 1980-ல் ஸ்ப்ளிட்டில் அழுத அந்த ஐம்பதாயிரம் பேர் ஞாபகம்தான் வரும். அங்கும் எதிரிகள் ஒன்றுசேர்ந்தார்கள். இங்கும் ஒன்றுசேர்ந்தார்கள்.

1992, மே 30. ஐக்கிய நாடுகள் சபை பொருளாதாரத் தடை விதித்தது. விளையாட்டும் அதில் அடக்கம். பாரியில் ஜெயித்து ஒரு வருடம், ஒரு நாள். தேசிய அணியை யூரோ போட்டியிலிருந்தே திருப்பி அனுப்பினார்கள். பதிலுக்கு அழைக்கப்பட்ட டென்மார்க் கோப்பையை ஜெயித்தது.

*

காமர்ஸ் படித்தவன் புத்தி, கணக்குப் பார்க்காமல் விடாது. அந்த அணி என்ன ஆனது?

ப்ரோசினெச்கி ரியல் மாட்ரிடுக்கு. சாவிசெவிச் மிலானுக்கு. பான்செவ் இன்டர் மிலானுக்கு. யூகோவிச் சாம்ப்டோரியாவுக்கு. மிகாய்லோவிச் ரோமாவுக்கு. பெலோடெடிச் வாலென்ஸியாவுக்கு. ஒரே வருடத்தில் கடை காலி. அதற்குமுன் யுகோஸ்லாவியாவில் ஒரு விதி இருந்தது. ஆட்டக்காரருக்கு 28 வயது ஆகும்வரை வெளிநாட்டுக்குப் போகக் கூடாது. விதி தளர்ந்தது, நாடும் உடைந்தது. இனி யாரைத் தடுப்பது?

போன இடத்தில் ஜொலித்தார்கள். 1994 ஐரோப்பிய இறுதி ஆட்டத்தில் மிலானுக்காக சாவிசெவிச் பார்சிலோனா கோல்கீப்பரின் தலைக்கு மேலே தூக்கிப்போட்ட கோல் இன்றும் பேசப்படுகிறது. 1996-ல் யுவென்டஸ் கோப்பை ஜெயிக்கக் கடைசி பெனால்டி அடித்தது யூகோவிச்.

ஊரில் என்ன நிலைமை? பணவீக்கம் என்றால் உங்கள் வீட்டு என் வீட்டுப் பணவீக்கம் அல்ல. 1993 கடைசியில் 500 பில்லியன் தினார் நோட்டு அச்சடித்தார்கள். நம் கணக்கில் ஐம்பதாயிரம் கோடி! சில நாட்களில் அதுவும் செல்லாக்காசு. அந்தக் கல்லாவை வைத்துக்கொண்டு எந்த கிளப் எந்த ஆட்டக்காரரைத் தக்கவைக்கும்? தடை நீங்கித் திரும்பி வந்தபோது உலகமே மாறியிருந்தது. 1995-ன் போஸ்மான் தீர்ப்பு, ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர்களைச் சுதந்தரமாக விட்டது. பணக்கார கிளப்புகள் அள்ளிக்கொண்டன. 2014-ல் உள்ளூர் சாம்பியனாக இருந்தும், கடன் பாக்கிக்காக யூஈஎஃப்ஏ ரெட் ஸ்டாரைச் சாம்பியன்ஸ் லீகில் சேர்க்கவில்லை. போன இடம் யாருக்கு? பார்டிசானுக்கு. வெந்த புண்ணில் வேல்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். 2000 அக்டோபரில் மிலோசெவிச்சைத் தெருவில் இறங்கிக் கவிழ்த்த கூட்டத்தில் முன்வரிசையில் நின்றவர்களில் டெலியே ரசிகர்களும் உண்டு. போருக்கு ஆள் கொடுத்த அதே காலரி. அதை நல்லது என்றோ கெட்டது என்றோ ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது.

2018-ல்தான் மீண்டும் சாம்பியன்ஸ் லீக் பிரிவு ஆட்டங்களுக்குள் நுழைந்தார்கள். அந்த நவம்பரில் மரகானாவில் லிவர்பூலை 2-0 என்று அடித்தார்கள். அந்த சீசனில் கோப்பையையே ஜெயித்த லிவர்பூல்! உள்ளூரில் 2018 முதல் 2025 வரை தொடர்ந்து எட்டு முறை சாம்பியன்.

2019 ஆகஸ்டில் ஒரு முக்கியமான மாட்சுக்கு முன்னால் மரகானாவின் வடக்கு வாசலில் பழைய டாங்கி ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள் ரசிகர்கள். சும்மா அலங்காரம்தான் என்றது கிளப். குரோஷியாவில் கொதித்தார்கள். அவர்களுக்கு அந்த டாங்கி வுகோவார். பதிலுக்கு டினாமோ ரசிகர்கள் தங்கள் ஸ்டேடியத்துக்கு டிராக்டர் ஓட்டிக்கொண்டு வந்தார்கள். 1995-ல் குரோஷியாவிலிருந்து செர்பியர்கள் டிராக்டர்களில்தான் மூட்டை முடிச்சோடு ஓடினார்கள். காயம் ஆறவில்லை என்று சொல்லவேண்டுமா?

பாரியில் ஆடிய பதினொருவரும் அந்த இரவு ஒரே அணி. அவர்களில் ப்ரோசினெச்கி 1990 உலகக் கோப்பையில் யுகோஸ்லாவியாவுக்காகக் கோல் அடித்தார். 1998-ல் குரோஷியாவுக்காக அடித்தார். இரண்டு நாடுகளுக்காக உலகக் கோப்பையில் கோல் அடித்தவர் அவர் ஒருவர்தான். பான்செவ் மாசிடோனியாவுக்கு ஆடினார். பெலோடெடிச் ருமேனியாவுக்குத் திரும்பி ஆடினார். சாவிசெவிச் மான்டெநெக்ரோ கால்பந்து சம்மேளனத்தின் தலைவரானார். மிகாய்லோவிச் 2022 டிசம்பரில் ரத்தப் புற்றுநோயால் இறந்துபோனார்.

கோப்பை பத்திரமாக மரகானா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதைச் சேர்ந்து தூக்கியவர்கள் மறுபடி ஒரே இடத்தில் கூடவேண்டுமென்றால், இப்போது பாதிப்பேர் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு எல்லை தாண்டி வரவேண்டும்.